நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில்

முன்னால் போகிறவர் நின்றால் நானும் நிற்க வேண்டும். அவர் நிற்பது அவருக்கு முன்னால் போகிறவர் நின்றதால். இப்படியே ஒவ்வொருவராக மேலே போனால், திருப்பத்துக்கு அப்பால், என் கண்ணுக்குத் தெரியாத ஒரு படியில் இயக்குநர் நின்றிருப்பார், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கவே இல்லை என்பதுபோல் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டு. வெளியே ஒன்றும் கிடையாது, பக்கத்துக் கட்டடத்தின் ஏசி பெட்டிகள்தான். ஆனாலும் அவர் பார்த்து முடிக்கிற வரைக்கும் துணை இயக்குநர் கோதண்டபாணி நிற்பார், அவருக்குப் பின்னால் மற்ற அதிகாரிகள், அவர்களுக்குப் பின்னால் கண்காணிப்பாளர்கள், எல்லோருக்கும் கடைசியில் நான், வேதமுத்து, போன வாரம்தான் கண்காணிப்பாளர் ஆனவன். எங்கள் வாரிய அலுவலகத்தில் மேலதிகாரியைத் தாண்டிப் படியேறுகிற வழக்கம் இல்லை. யாரும் எழுதி ஒட்டியதில்லை, யாரும் சொன்னதுமில்லை, ஆனால் கோவில் தேருக்கு முன்னால் யாரும் ஓடுவதில்லை அல்லவா, அப்படி. காலையில் இயக்குநரின் கார் வந்து நிற்கும், அவர் இறங்குவார், லிஃப்டைப் பார்க்காமல் படிப்பக்கம் திரும்புவார், போர்ட்டிகோவில் காத்திருந்தவர்கள் பதவி வரிசையில் பின்னால் சேர்ந்துகொள்வார்கள். பேச்சு கிடையாது. ஷூக்கள் ஒன்றாக நிற்கும், ஒன்றாகக் கிளம்பும். இதோ வரிசை கிளம்புகிறது. முதல் மாடி தாண்டியாயிற்று. எங்கள் பிரிவு ஏழாவது மாடியில் இருக்கிறது.

பதவி உயர்வு ஆணை கைக்கு வந்த அன்று கோதண்டபாணி தன் அறைக்குக் கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, "இனிமே படியில வாங்க வேதமுத்து, உடம்புக்கு நல்லது" என்றார். கதவைச் சாத்திவிட்டுச் சொல்கிற சமாச்சாரமா இது? நான் வெள்ளந்தியாக, "எனக்குச் சுகரெல்லாம் இல்ல சார்" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, விருந்தில் பரிமாறுகிறவனிடம் போய்ச் சமைத்தது யார், எப்போது என்று கேட்டவனைப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. "சொன்னா கேட்டுக்கங்க" என்றார். அவ்வளவுதான் என் பங்கு. அதிகாரிகள் படியேற ஆரம்பித்தபோது கீழே இருந்த நாங்கள் எவ்வளவு சிரித்திருக்கிறோம். முதலில் இயக்குநர், அவருக்கு டாக்டர் சொன்னாராம். அடுத்த வாரமே கோதண்டபாணிக்கும் அதே டாக்டர் சொல்லிவிட்டார். அப்புறம் ஒருவருக்குக் கொழுப்பு, ஒருவருக்கு முதுகு, ஒருவருக்கு ஏதோ விரதம். வியாதி கூட மேலிருந்து கீழாகப் பதவிப்படி இறங்குகிறது என்று நான்தான் கேலி பேசினேன். இப்போது அதிகாரிகள் கழிப்பறைக்குப் போகிற உரிமை எனக்கும் வந்து, அங்கே கண்ணாடிக்கு மேலே 'படியேறுவோம், நலம் பெறுவோம்' என்று ஒட்டியிருப்பதைப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. ஊழியர்கள் கழிப்பறையில் அந்தக் காகிதம் இல்லை. பதினெட்டு வருஷம் அங்கேதான் போய்வந்திருக்கிறேன், எனக்குத் தெரியாதா. உடம்பு நலம் பெற வேண்டியவர்கள் இவர்கள் மட்டும்தானா என்று கை கழுவிக்கொண்டே யோசித்தேன், கை கழுவி முடிந்த பிறகும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் லிஃப்ட் பழுது பார்க்கிறவரின் ஞாபகம் வந்தது. மழைக்காலம் முடிகிற சமயம், பை தூக்கிக்கொண்டு ஒருவர் வந்தார். லிஃப்டில் ஏறி மேலே போனார். இயக்குநர் அறையில் கதவு சாத்தி வெகு நேரம். திரும்பிப் போகும்போது படியில் இறங்கினார். ஏழு மாடியும், அந்தக் கனத்த பையோடு. நான் டீ குடிக்கக் கீழே நின்றிருந்தேன், கண்ணால் பார்த்தேன். லிஃப்ட்காரரே படியில் இறங்குகிறாரே என்று பக்கத்தில் யாரிடமோ சொல்லிச் சிரித்தேன் கூட. யாரிடம்? ஞானசுந்தரியிடமாகத்தான் இருக்கும், வேறு யாரோடு நான் டீ குடித்தேன். அவள் சிரித்தாளா? சிரித்த மாதிரி ஞாபகம் இல்லை. சரி, எனக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. லிஃப்டில் கோளாறு என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. படியில் வா என்றார்கள். கோளாறு என்றால் நிறுத்தியிருப்பார்களே, ஒரு பலகை மாட்டியிருப்பார்களே. ஆனால் பலகை மாட்டினால் ஏன் என்று கேள்வி வரும், லிஃப்ட் நல்ல நிலையில் இருக்கிறது என்று போன முறைதான் இங்கிருந்து கையெழுத்துப் போட்டு மேலிடத்துக்கு அனுப்பினார்களே என்று வரும். இது என் யூகம். யூகத்தை வைத்துக்கொண்டு ஒருத்தியிடம் போய் என்ன சொல்வது? ஊமை கண்ட கனவு மாதிரி நெஞ்சில் வைத்துக்கொண்டு படியேறுகிறேன். இரண்டாவது மாடி. நிற்கிறார்கள். எனக்கு முன்னால் நிற்கிறவரின் சட்டை முதுகு நனைந்து ஒட்டியிருக்கிறது, அந்த ஈரம் தோளிலிருந்து கீழே இறங்கிக்கொண்டே வருகிறது, அவருக்கும் இதெல்லாம் தெரியுமா, தெரிந்தால் எவ்வளவு தெரியும், இவரை யார் எந்த அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்கள்? கேட்டுவிடலாம், கை நீட்டினால் எட்டும் தூரம். கேட்கவில்லை. அவர் என்னைவிட ஒரு வருஷம் மூத்தவர்.

லிஃப்ட் கிளம்பிவிட்டது. படிக்கட்டுக்கும் லிஃப்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர், அதில் பேச்சு கேட்கும். வார்த்தை புரியாது, குரல்தான். மரியதாஸின் கனைப்பு. பொத்தானை அழுத்தினால் போகிற லிஃப்ட்தான் இது, அதிகாரிகளின் விரல் நோகக் கூடாதென்று மரியதாஸை ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். இப்போது அதிகாரிகள் யாரும் ஏறுவதில்லை, ஸ்டூலை மட்டும் எடுக்கவில்லை. அப்புறம் அந்தக் கரகரத்த குரல், ஞானசுந்தரி. எங்கள் பிரிவின் தட்டச்சர். நான் உதவியாளனாக இருந்த காலமெல்லாம் அவள் வீட்டு வத்தக்குழம்பில் பாதி என் வயிற்றுக்குள்தான் போயிற்று. அண்ணே என்று கூப்பிட்டவள் ஆணை வந்த மறுநாளே சார் ஆக்கிவிட்டாள். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து முட்டி பிசகியவள், ஒரு மாடி ஏறினாலே முகம் வெளுத்துவிடும். அவளிடம் திங்கட்கிழமை சாப்பிடும்போது பேச்சோடு பேச்சாக, "படியில வந்து பாரேன் ஞானம், உடம்புக்கு நல்லது" என்றேன். "என் முட்டிக்கா சார்?" என்று கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் குழம்பைப் பார்த்தேன். அந்த வாக்கியம் என் வாயிலிருந்து கோதண்டபாணியின் குரலில் வந்தது, அதே இழுப்பு, 'நல்லது' என்பதில் அதே சின்ன இருமல். வீட்டில் மூச்சு ஏன் இப்படி வாங்குகிறது என்று என் மனைவி கேட்டபோதும் அதே வாக்கியம், அதே இருமல். ராத்திரி கண்ணாடியில் தொண்டையைப் பார்த்தேன், என்ன தெரியப்போகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது, வெட்கமாகவும் இருக்கிறது, இரண்டில் எது பெரியது என்று இந்தப் படியில் தீர்மானிக்க முடியவில்லை.

மூன்றாவது மாடி. இன்னொன்று தோன்றுகிறது, தோன்றியிருக்க வேண்டாம். கோதண்டபாணி குடிக்கத் தண்ணீர் வீட்டிலிருந்து கொண்டுவருகிறார். எப்போதிலிருந்து? முன்னாலெல்லாம் எல்லோரும் ஆறாவது மாடித் தொட்டித் தண்ணீரைத்தானே குடித்தோம். இயக்குநர் தன் மேசையை ஜன்னல் பக்கத்திலிருந்து உள்சுவர் ஓரமாக மாற்றிக்கொண்டார், வெளிச்சம் கண்ணில் படுகிறதாம். இதற்கெல்லாம் ஒவ்வொரு பதவி இருக்கிறது போல. கண்காணிப்பாளர் ஆனால் லிஃப்டை விட்டுவிட வேண்டும். அதற்கு மேலே போனால் தண்ணீர். அதற்கும் மேலே ஜன்னல். இயக்குநருக்கு மேலே உள்ளவர்கள் இந்தக் கட்டடத்துக்கே வருவதில்லை, கூட்டமென்றால் வேறெங்கோ வைத்து இவரை அங்கே வரச் சொல்கிறார்கள். ஏன்? அவர்கள் எதை நிறுத்திவிட்டார்கள், நாங்கள் இன்னும் எதற்குள் உட்கார்ந்து கோப்பு பார்த்துக்கொண்டிருக்கிறோம்? சுவரைத் தொடுகிறேன், சுவர் சுவராகத்தான் இருக்கிறது. லிஃப்ட் பக்கத்தில் ஏறுகிறது, நின்று நின்று, ஒவ்வொரு மாடியாக. இந்தப் பேச்சுச் சத்தத்தில் ஒரு விசேஷம் உண்டு, படியேற ஆரம்பித்த நாளிலேயே கவனித்தேன். நாலாவது மாடியில் கதவு மூடும், பேச்சு கேட்கும், சட்டென்று நின்றுவிடும். அப்போது உள்ளே டொக் என்று ஒரு சத்தம், கதவை யாரோ ஒற்றை விரலால் தட்டினாற்போல. அப்புறம் ஐந்தாவது மாடி தாண்டியதும் பேச்சு மறுபடி தொடங்கும். சுவர் அங்கே தடிமனாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் சுவர் தடிமனாக இருந்தால் டொக் மட்டும் எப்படிக் கேட்கும்? அதோடு, நானே உள்ளே இருந்த காலத்தில், ஏதாவது கதை சொல்லிக்கொண்டே போவேன், நாலாவதில் ஒருவரும் 'ம்' கொட்ட மாட்டார்கள், நான் மட்டும் பேசிக்கொண்டிருப்பேன், ஐந்தாவதில்தான் சிரிப்பார்கள். என் நகைச்சுவை புரியக் கொஞ்சம் நேரமாகிறது என்று எடுத்துக்கொண்டேன். மடையன்.

நாலாவது மாடி. வரிசை மேலே போகிறது. நான் நிற்கிறேன். யாரும் நிற்காதபோது நான் நிற்பது இதுதான் முதல் தடவை, கடைசி ஆள் என்பதால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு வழி இருக்கிறது. ஒரு வார்த்தை கூடச் சொல்ல வேண்டாம். அதிகாரி லிஃப்டில் ஏறினால் உள்ளே இருக்கிற ஊழியர்கள் இறங்கிக்கொள்ள வேண்டும், அது எங்கள் வழக்கம், நானே எத்தனையோ தடவை இயக்குநருக்காகக் கோப்புக் கட்டோடு வெளியே இறங்கி நின்றிருக்கிறேன். இப்போது நான் அதிகாரி. நான் ஏறினால் அவர்கள் இறங்குவார்கள். நான் மட்டும், ஒரே ஒரு மாடி. தினம் எத்தனையோ தடவை போய்வருகிற லிஃப்ட், நான் போகிறபோதா விழப்போகிறது. பொத்தானை அழுத்துகிறேன். கதவு திறக்கிறது. மரியதாஸ் ஸ்டூலிலிருந்து எழுகிறார். கோப்புகளோடு அலுவலக உதவியாளர்கள் இரண்டு பேர், ஃபிளாஸ்க் வைத்திருக்கிற கேன்டீன் பெண் ஒருத்தி, சாப்பாட்டுப் பையோடு ஞானசுந்தரி. "வாங்க சார், நாங்க அடுத்ததுல வர்றோம்" என்று உதவியாளர்கள் ஒதுங்கி இறங்குகிறார்கள், கேன்டீன் பெண்ணும் அவர்கள் பின்னால். எவ்வளவு சுலபம். ஞானசுந்தரி மட்டும் இறங்கவில்லை.

"நீயும் இறங்கு ஞானம்."

"எதுக்கு சார்? நீங்கதான, வேற யாரோ இல்லையே" என்று பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொள்கிறாள். அதிகாரி என்று இறங்கவேண்டிய அளவுக்கு நான் இன்னும் அவளுக்கு அந்நியனாகவில்லை. எனக்கு அழுகை வரப்பார்க்கிறது. கதவு மூடிவிட்டது. இனி சொல்லித்தான் ஆக வேண்டும். "ஞானம், இந்த லிஃப்ட்" என்று ஆரம்பித்தேன், அவள் உதட்டில் விரல் வைத்தாள். மரியதாஸ் உள்ளங்கையைச் சுவரில் பதித்துக்கொண்டார். அவளும் பதித்தாள். இருவரும் தலைக்கு மேலே பார்த்தார்கள், மூச்சை நிறுத்திக்கொண்டு. டொக். காலுக்குக் கீழே தரை ஒரு சின்ன யோசனை யோசித்துவிட்டு மறுபடி ஏறியது. ஐந்து தாண்டியது. மரியதாஸ் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"இப்ப சொல்லுங்க சார்" என்றாள்.

"உனக்குத் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும். ரிப்பேர் பார்க்க வந்தவரு மரியதாஸண்ணன்கிட்ட சொல்லிட்டுத்தான் போனாரு. கயிறு தேய்ஞ்சுபோச்சு, எப்ப வேணா அறுந்துடும், நான் சொன்னதா வெளியில சொல்லாதன்னு."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையே நீ."

"நீங்க பேனல்ல இருந்தீங்க." பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் வந்துவிட்டவனிடம் யாரும் எதையும் சொல்வதில்லை, அதை அவள் மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னாள். "மேல உள்ளவங்களுக்கு எப்படியாவது தெரியப்படுத்தணும்னு பேசிக்கிட்டே இருக்கோம் சார். யார் போய்ச் சொல்றதுன்னுதான் தெரியல. அவங்களுக்குத் தெரிஞ்சா அன்னைக்கே நிறுத்திடுவாங்கள்ல."

சுவருக்கு அந்தப் பக்கம் ஷூக்கள் ஏறிக்கொண்டிருந்தன. நின்றன, எல்லாம் ஒன்றாக. அவளும் கேட்டாள். கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு என்னை, என் வியர்த்த சட்டையை, என் ஷூவைப் பார்த்தாள்.

"நீங்கல்லாம் சுகருக்குத்தான சார் நடக்கறீங்க?"

ஏழாவது மாடியில் கதவு திறந்தது. "இல்ல ஞானம்" என்றேன். இத்தனை வருஷத்தில் கீழே இருக்கிற ஒருத்திக்கு நான் கொடுத்த முதல் தகவல் அது. அவள் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே இறங்கினாள். மரியதாஸ் எழுந்து, ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, அதைப் படியருகில் போட்டு உட்கார்ந்துகொண்டார். "நான் இனிமே ஏறல சார்" என்றார். அந்த நேரத்தில் இயக்குநர் மேலே வந்து சேர்ந்தார், கைக்குட்டை பிழிந்தால் சொட்டும் போல இருந்தது, பின்னால் படி படியாக வரிசை நின்றது. எங்களையும் ஸ்டூலையும் பார்த்தார். நான் சொல்லிவிட்டேன், "லிஃப்ட் அறுந்து விழற நிலைமையில இருக்கு சார், யாரும் ஏறக் கூடாது." சொன்னது என் குரல்தான், இருமல் இல்லை. இயக்குநர் முகத்தைத் துடைத்தார், கழுத்தைத் துடைத்தார், ஏழு மாடி ஏறிய மூச்சு இன்னும் அடங்கவில்லை. "அப்படியா?" என்றார். "எனக்கு யாரும் சொல்லவே இல்லையே." சொல்லிவிட்டுக் கோதண்டபாணியைத் திரும்பிப் பார்த்தார். "எனக்கும் யாரும் சொல்லல சார்" என்று கோதண்டபாணி தனக்குப் பின்னால் இருந்தவரைப் பார்த்தார். "எனக்கும் சொல்லல." "எனக்கும்." அந்த வாக்கியம் ஒரு படி ஒரு படியாக இறங்கித் திருப்பத்தில் மறைந்து கீழே போய்க்கொண்டிருந்தது. கடைசியில் நான் நிற்க வேண்டிய இடம் காலியாக இருக்கும், அங்கே போய் அது என்ன செய்யும் என்று தோன்றியது.

பின்னால் லிஃப்ட் கதவு தானாக மூடிக்கொண்டது. உள்ளே யாரும் இல்லை. இறங்குகிறது. கீழே யாரோ பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். யாரோ இல்லை, யாரென்று எனக்குத் தெரியும். அடுத்ததுல வர்றோம் என்றார்களே, நான் இறக்கிவிட்டவர்கள், நாலாவது மாடியில், இன்னும் அதே இடத்தில். நான் படிப்பக்கம் திரும்பினேன். படி முழுக்க அதிகாரிகள், ஒருவருக்கும் விலகத் தெரியவில்லை, இறங்கி வருகிறவனுக்கு வழி விட்டுப் பழக்கமில்லை. இயக்குநரின் தோளில் இடித்தேன். கோதண்டபாணியைக் கையால் தள்ளினேன், "என்ன வேதமுத்து இது" என்றார், பரிதாபமாகத்தான் சொன்னார். ஈர முதுகுகள், மெந்தால் வாசனை, யார் யாருடைய ஷூவையோ மிதிக்கிறேன், "ஏறாதீங்க" என்று கத்துகிறேன், இந்த வாரியத்தில் நான் கத்தியதே இல்லை, எப்படிக் கத்துவதென்று தெரியாத சத்தமாக வருகிறது. ஆறு. மாடி வாசல்களில் தலைகள் எட்டிப் பார்க்கின்றன. ஐந்து. சுவருக்கு அந்தப் பக்கம் கீழே கதவு திறக்கிறது, உதவியாளர்களின் பேச்சு, ஃபிளாஸ்க் மூடியின் சத்தம், கேன்டீன் பெண் எதற்கோ சிரிக்கிறாள். சுவரில் அறைகிறேன், கத்துகிறேன், சிரிப்பில் அது அவர்களுக்குக் கேட்கவில்லை. கதவு மூடுகிறது. அவர்கள் பேசிக்கொண்டே ஏறுகிறார்கள். ஐந்தாவதுக்குக் கீழே பாதிப் படியில் கால் என்னை நிறுத்திவிட்டது, இங்கேதான், எனக்கு நேரே, ஒரு செங்கல் சுவருக்கு அந்தப் பக்கம். பேச்சு நிற்கிறது. உள்ளங்கைகள் சுவரில் பதிகிற சத்தம் கூடக் கேட்கிறது, ஒன்று, இன்னொன்று, அப்புறம் சிறியதாக இன்னொன்று. நானும் என் கையைச் சுவரில் வைத்துக்கொண்டு, மேலே பார்த்துக்கொண்டு, பேச்சு மறுபடி தொடங்கட்டும் என்று நிற்கிறேன்.